ஏரி தெரியக் கூடாது

போன மாதத்திலிருந்து அக்கா வீட்டில் சின்னவளுக்கு ஒரு புதுப் பெயர் ஏற்பட்டிருந்தது. வைத்தவர் அக்கா புருஷன். அவள் போன் செய்தால் எடுத்ததும் உள்பக்கம் திரும்பி, "புலி வருது!" என்று குரல் கொடுப்பார். அதற்குப் பிறகுதான், "சொல்லும்மா, நல்லா இருக்கியா?" என்பார். வீடே சிரிக்கும். சின்னவளும் சிரிப்பாள். போனை வைத்தபின் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவளுடைய வேலை புகை பார்ப்பது. காடு எரிந்தால் புகை எந்தப் பக்கம் போகிறது, வறண்ட நிலத்திலிருந்து கிளம்பிய புழுதி யார் தலையில் விழப்போகிறது என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வந்துகொண்டேயிருக்கும். போன மாதம் ஒரு புகைத்திரள் நேராக அக்காவின் ஊரை நோக்கிப் போவதைப் பார்த்தாள். அலுவலகம் எச்சரிக்கை விடுவதற்கு முன்பே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அக்கா பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல, பள்ளிக்கூடம் பெற்றோருக்குச் சொல்ல, வாய்க்கு வாய் பரவி மத்தியானத்துக்குள் கடைத்தெருவே கதவடைத்துவிட்டது. புகையோ, வாசல்வரை வந்த விருந்தாளி வண்டியை விட்டு இறங்காமலே போனதுபோல, ஊருக்கு மேலே வெகு உயரத்தில் நகர்ந்து போய்விட்டது. மறுநாள் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல இருந்தது. அக்கா மகளின் பிறந்தநாளுக்கு ஏரிக்கரைக்குப் போவதாக இருந்த திட்டமும் அதில் அடிபட்டது.

மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த மேலாளர் ஒரு விதி போட்டார். வானத்திலிருந்து ஒரு சாட்சி, தரையிலிருந்து ஒரு சாட்சி. இரண்டும் ஒத்துப்போனால்தான் எச்சரிக்கை. அன்றிலிருந்து அவர் பெயர் 'ரெண்டு சாட்சி'. "கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்தாகூட, ரெண்டாவது கண்ணாடி எங்கன்னு கேப்பாரு" என்பாள் பக்கத்து நாற்காலிக்காரி. வீட்டு ஆட்களுக்கு முன்கூட்டிச் சொன்னால் வேலை போகும் என்றும் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைப் படித்துக் காட்டும்போது மேலாளர் சின்னவளைப் பார்க்கவில்லை. பார்க்காததே போதுமாக இருந்தது.

அந்தச் சூட்டோடு, பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்திலும் சின்னதாய் ஒரு மாற்றம். மேகம் மூடிய இடத்தில் கீழே என்ன இருக்கிறதென்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அந்த இடங்களை அதுவரை சாம்பல் நிறத்தில் காட்டிவந்தார்கள். ஜனங்கள் அதையும் புகை என்று நினைத்து மிரண்டார்கள். வேறு நிறம் போடச் சொன்னார் மேலாளர். வெள்ளை போட்டது சின்னவள்தான். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

இன்று காலை அவள் நாற்காலியில் உட்கார்ந்தபோது போனில் அக்காவின் செய்தி காத்திருந்தது. பள்ளிக்கூட மைதானத்தின் படம், சுண்ணாம்புக் கோடு, கொடிகள். கூடவே இரண்டு வரி: "உன் மேப்புல எங்க ஊரு பளிச்சுனு வெள்ளையா இருக்கு. இன்னைக்கு ஓட்டம். விசிலுக்கு வாழ்த்துச் சொல்லு."

அக்கா அந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விசில் என்பது அவள் மகள். சின்ன வயதில் இழுப்பு வந்து நெஞ்சு சதா கீச்சிட்டுக்கொண்டிருக்கும். அம்மாவின் கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். "இந்த வீட்டுல ரெண்டு விசில். ஒண்ணு கடையில வாங்கினது, இன்னொண்ணு ஆஸ்பத்திரியில" என்று மாமா சொல்லிச் சொல்லி அதுவே நின்றுவிட்டது. நெஞ்சின் கீச்சொலி அடங்கி வெகு நாளாகிறது. இப்போது அவள் ஓடுகிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஏரிக்கரை வரை போய்த் திரும்பும் நெடுந்தூர ஓட்டம். பெரிய அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வந்திருந்தார்கள்.

சின்னவள் ஒரு வாழ்த்து அனுப்பினாள். காபியை ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய்க்குத் தூக்கிய கோப்பையை அப்படியே கீழே வைத்தாள்.

வெள்ளையா? ஏன் வெள்ளை?

நேற்று மாலை பார்த்த வானிலைக் கணிப்பில் இன்றைக்கு அந்தப் பக்கம் துளி மேகம் கிடையாது. மேகத்துக்கு யார் சொல்லியனுப்பியது?

வடிகட்டாத மூலப் படத்தைத் திறந்தாள். மலைத்தொடருக்கு அப்பால் நாலு நாளாய் எரிந்துகொண்டிருக்கும் காட்டிலிருந்து ஒரு வெளுத்த பட்டை கிளம்பி, கணவாயைத் தாண்டி, அக்காவின் பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு கிடந்தது. மேகமென்றால் ஓரத்தில் பஞ்சு பிய்ந்திருக்கும். இது இஸ்திரி போட்ட துணிபோல வழவழவென்று இருந்தது.

மேக வடிகட்டியின் கோளாறு அவளுக்குத் தெரியாததல்ல. மெல்லிய புகையை அது சரியாகக் கண்டுபிடிக்கும். புகை ஒரு அளவுக்கு மேல் தடித்துவிட்டால், அது வெயிலில் மினுங்குவதைப் பார்த்து மேகம் என்று எண்ணி வெட்டிவிடும். சில்லறைத் திருடனைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுப் பெரிய திருடனுக்குச் சலாம் போடும் காவல்காரன். வெட்டப்பட்ட இடம் வரைபடத்தில் வெள்ளையாகத் தெரியும். அவள் போட்ட வெள்ளை.

ஆனால் அவள் உடனே எழுந்திருக்கவில்லை. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பள்ளத்தாக்கில் அவள் அக்கா மகள் இல்லாமலிருந்தால் இந்தப் படம் இப்படித் தெரியுமா? தெரியாத ஊராக இருந்தால், "மேகம்" என்று அடுத்த படத்துக்குப் போயிருக்க மாட்டாளா? தன்னையே நம்பாத ஒருத்தி தன் கண்ணை எப்படி நம்புவது?

இதைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. வெளிச்சத்தைப் பார்க்காமல் வெப்பத்தைப் பார்க்கும் படம். மேகம் குளிர்ந்தது, தனக்குக் கீழே இருக்கிற எதையும் காட்டாது. புகை அப்படியல்ல. எவ்வளவு தடித்த புகையானாலும் தரையின் வெப்பம் அதைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். அந்த ஊரில் ஏரி இருக்கிறது. இரவெல்லாம் தரை குளிர்ந்துபோயிருக்கும், ஏரித் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. ஆக, மேகமாக இருந்தால் ஏரி தெரியக் கூடாது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் எடுத்த வெப்பப் படத்தைத் திறந்தாள்.

ஏரி தெரிந்தது. கடித்து வைத்த பிஸ்கட்போல, ஒரு பக்கம் குழிந்து, இருட்டுத் தரையில் வெளிச்சமாக.

மேலாளரின் அறைக்கு அவள் நடந்தாளா ஓடினாளா என்று பக்கத்து நாற்காலிக்காரியைத்தான் கேட்க வேண்டும்.

"சார், பள்ளத்தாக்குல இருக்கறது மேகமில்ல. புகை. கனமான புகை. வெப்பப் படத்துல ஏரி தெரியுது."

மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இது விடியக்காலைப் படம்மா. கடைசியா வந்ததப் போடு."

போட்டாள். ஏரி இல்லை.

ஏரி இருந்த இடம், சுற்றிலும் இருந்த தரை, எல்லாம் ஒரே சாம்பல். யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டதுபோல.

"எங்க ஏரி?" என்றார் மேலாளர். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "காலையில புகையாவே இருந்திருக்கலாம். இப்ப மேகம் வந்து மூடியிருக்கலாம் இல்லையா? அந்த ஊர்ல உன் அக்கா இருக்காங்கன்னு எனக்கும் தெரியும்மா."

அவளுக்குக் காது சூடானது. மறுபடி புலி. வாய்வரை வந்த மன்னிப்பை விழுங்கிக்கொண்டு, முந்தைய படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினாள். ஏரி ஒரேயடியாக மறையவில்லை. படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியிருந்தது. மேகம் வந்து மூடியிருந்தால் ஒரு ஓரத்திலிருந்து மூடியிருக்கும். இது மொத்தமாக ஒன்றுபோல வெளிறிக்கொண்டே வந்தது. அவளுக்குப் புரிந்தது.

"ஏரி காணாமப் போகல சார். தரை சூடாகுது. ஏரியோட சூட்டுக்குச் சமமா வந்துடுச்சு, அதான் ரெண்டும் ஒண்ணா தெரியுது."

"அதனால?"

"இவ்வளவு நேரம் பள்ளத்தாக்குல குளிர்ந்த காத்து மூடி மாதிரி கிடந்தது. புகை அந்த மூடிக்கு மேல நிக்குது. தரை சூடானா அடுப்புல வச்ச பால் மாதிரி காத்து புரள ஆரம்பிக்கும். மேல நிக்கறதக் கீழ இழுத்துட்டு வந்துடும். இன்னும் ரெண்டு மூணு படத்துல ஏரி திரும்பத் தெரியும் சார். வெளிச்சமா இல்ல, கறுப்பா. தரை அதைவிடச் சூடாயிருக்கும். அப்ப புகை தெருவுல இருக்கும்."

மேலாளர் வேறொரு திரையைத் தட்டினார். அக்காவின் பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஒரு கருவி இருக்கிறது, காற்றின் அழுக்கை அளப்பது. அதன் எண் பச்சையில் ஒளிர்ந்தது. சுத்தம்.

"ரெண்டாவது சாட்சி 'இல்லை'ன்னு சொல்லுதே."

"இப்ப இல்ல சார். இனிமே."

"இனிமேங்கறத நான் எப்படிம்மா மேல எழுதுவேன்? போன மாசமும் இனிமேதான்."

இருவரும் அந்தப் பச்சை எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏசி மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டேயிருந்தது.

கணவாய், என்று தோன்றியது அவளுக்கு. கணவாய் உயரத்தில் இருக்கிறது. புகை நிற்கும் அதே உயரம். அங்கே ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. பலகையில் எண் போட்டிருக்கும், வரைபடத்தில் தேடினால் கிடைக்கும். தேடி, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"பங்க்."

"அண்ணே, அங்க காத்து எப்படி இருக்கு?"

"லோன் வேணாம்மா."

"லோன் இல்லண்ணே! புகை பாக்கற ஆபீஸ்லேர்ந்து பேசறேன். அங்க புகை இருக்கா?"

"இருக்காவா?" அந்த ஆள் இருமினார். "விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து கண்ணு எரியுது. வர்ற வண்டி அத்தனையும் லைட்டப் போட்டுக்கிட்டுத்தான் வருது. எதிர்ல இருக்கற கழிப்பறையே தெரியல, ஆளுங்க வழி கேட்டுட்டுப் போறாங்க. ஆமா, ஆபீஸ்னு சொல்றீங்க, உங்களுக்கே தெரியாதா?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். விதி கருவியைத்தான் சாட்சி என்கிறது; பங்க் ஆளை அல்ல. அவர் மேலிடத்துக்குப் போன் போட்டார். பேசிக்கொண்டிருக்கிறார்களாம், காத்திருக்கச் சொன்னது இயந்திரக் குரல். காத்திருந்தார். பிறகு போனை வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல், "நான் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். கதவருகில் நின்று பக்கத்து நாற்காலிக்காரியையும் கூப்பிட்டார். "நீயும் வாம்மா."

"நான் காபி குடிக்கறதில்லையே சார்."

"இன்னைக்குக் குடி."

எதற்கும் இரண்டு சாட்சி கேட்கும் மனிதர், ஒரு சாட்சிகூட இல்லாமல் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார்.

சின்னவள் தன் மேசைக்குத் திரும்பி அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது முறை எடுத்தபோது பின்னால் ஒலிபெருக்கியும் கைத்தட்டலும் இரைந்தன.

"என்னடி, அப்புறம் கூப்பிடறேன், இப்பத்தான் கொடி காட்டினேன். நம்ம விசில்தான் முதல்ல போறா!"

"அக்கா, ஓட்டத்த நிறுத்து."

"என்னது?"

"புகை இறங்கப் போகுது. எல்லாரையும் திருப்பிக் கூப்பிட்டு உள்ள போங்க."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதில்தான் கோபம் தெரிந்தது. "ஏய், விளையாடறியா? நாலு ஊர்லேர்ந்து பசங்க வந்திருக்காங்க. தேர்வாளருங்க உக்காந்திருக்காங்க. காத்து நல்லா இருக்கு. காலையில உன் மேப்பப் பாத்துட்டுத்தானே ஆரம்பிச்சேன்? வெள்ளையா இருந்ததே!"

"வெள்ளைன்னா சுத்தம்னு இல்லக்கா. அங்க என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம்."

"தெரியலன்னா தெரியலன்னு எழுத வேண்டியதுதானே!"

சின்னவள் திரையில் இருந்த அந்த வெள்ளையைப் பார்த்தாள்.

"போன மாசம் உன் பேச்சக் கேட்டு ஊர் முன்னாடி முட்டாளா நின்னேன்" என்றாள் அக்கா. "இன்னைக்கும் நின்னேன்னா, இனி இந்தப் பள்ளிக்கூடத்துல எவளும் என் விசிலுக்குத் திரும்பக்கூட மாட்டா."

"தெரியும். உன் நிழலப் பாரு."

"என்ன?"

"கீழ பாருக்கா. உன் நிழல் எப்படி இருக்கு?"

கைத்தட்டல் ஓய்ந்திருந்தது. யாரோ சிரிக்கும் சத்தம், கொடித்துணி படபடக்கும் சத்தம். அக்கா மைதானத்தில் தலையைக் குனிந்து நிற்பது சின்னவளுக்குத் தெரிந்தது; எந்தச் செயற்கைக்கோளும் காட்டாத படம் அது.

"நிழலே சரியா இல்ல" என்றாள் அக்கா, மெல்ல. "சூரியன் ஆரஞ்சுப்பழம் மாதிரி இருக்கு. எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்க. பனின்னு நெனச்சேன்."

"பனி இல்லக்கா."

நீளமாக மூன்று விசில் கேட்டது. காதைக் கிழிக்கிற மாதிரி. அக்கா போனை அணைக்காமலே எங்கேயோ வைத்துவிட்டாள் போலிருந்தது, "பைக்க எடுங்க! ஏரிக்கரை வரைக்கும் போங்க!" என்று மாமாவை விரட்டுவது தூரத்தில் கேட்டது. "மறுபடி புலியா?" என்ற மாமாவின் குரலும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

காபிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மேலாளர் அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எண் பச்சையாகவே இருந்தது. அடுத்த படம் வந்தது. ஏரி இல்லை. எண் பச்சை. ஓட்டத்தை நிறுத்தியாகிவிட்டது. இப்போது மைதானத்தில் என்ன நடக்கும்? பிள்ளைகள் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து முனகுவார்கள். தேர்வாளர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அக்கா நடுவில் நிற்பாள். எண் பச்சை. வராமல் போய்விட்டால்? போன மாதம்போல வண்டியை விட்டு இறங்காமலே போய்விட்டால்?

இறங்கித் தொலையேன், என்று அவள் மனதுக்குள் சொன்னாள்.

சொன்னபின்தான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. ஒரு ஊர்மேல் நஞ்சு இறங்க வேண்டுமென்று, அதுவும் தன் பேச்சு மெய்யாக வேண்டும் என்பதற்காக, வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஆசைக்கு எந்த நிறம் போடுவது? அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தன் விரல்களைப் பார்த்தாள். அவை மேசை விளிம்பைப் பற்றியிருந்தன.

போன் அதிர்ந்தது. அக்கா.

"எல்லாரும் வந்துட்டாங்க. ஹாலுக்குள்ள போட்டுக் கதவ மூடிட்டேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "இவ வரல."

"யாரு?"

"யாரா? அவதான்! முதல்ல போனாளே, ரொம்ப தூரம் போயிட்டா. விசில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டா. மாமா போய் எவ்வளவு நேரமாச்சு, போன எடுக்க மாட்டேங்கறாரு."

"அவ மருந்து?"

"என் பையில இருக்கு" என்றாள் அக்கா.

அப்போது அடுத்த படம் வந்தது. வெப்பப் படத்தின் நடுவில், வெளுக்க ஆரம்பித்திருந்த தரையில், கடித்து வைத்த பிஸ்கட் மறுபடி இருந்தது. கறுப்பாக. பின்னாலிருந்து மேலாளர், "ஏரி" என்றார். சின்னவள் பச்சை எண்ணைப் பார்த்தாள். அது மஞ்சளாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. கேட்டது கிடைத்துவிட்டது.

"வந்துடுச்சு" என்றாள் அக்கா போனில். யாரோ ஒரு அந்நியர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதைச் சொல்வதுபோல இருந்தது குரல். "மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மரம் தெரியல."

மேலாளர் எழுந்து தன் அறைக்கு ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. எச்சரிக்கை போகும் சத்தம், ஊரெல்லாம் போன்களில் அலறப்போகிற அந்த மணி, இங்கே அலுவலகத்திலும் ஒவ்வொரு மேசையிலும் அலறியது. சின்னவள் அசையவில்லை. ஏரியின் குழிந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில்தான் பாதை திரும்புகிறது. ஒரு புள்ளிக்குள் ஒரு முழுத்தெரு அடங்கிவிடுகிற படத்தில் ஒரு பெண்பிள்ளையைத் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் தேடினாள்.

அக்கா போனை வைக்கவில்லை. சின்னவளும் வைக்கவில்லை. சிறு வயதில் ஒரே போர்வைக்குள் இடிக்குப் பயந்து படுத்திருந்தபோதும் இப்படித்தான். ஒருத்தி மூச்சை ஒருத்தி கேட்டுக்கொண்டு.

பிறகு எங்கோ ஒரு பைக்கின் சத்தம். கதவு இழுபடும் சத்தம். அக்கா போனோடு ஓடினாள். "முகத்த மூடு, முகத்த மூடு, உள்ள கொண்டா!" மாமாவின் இருமல். "திரும்ப மாட்டேன்னுட்டா. குண்டுக்கட்டா தூக்கிப் போட்டுக்கிட்டு வர்றேன். கடிச்சிட்டாடி என் கைய!" பையின் ஜிப் திறக்கும் ஒலி. மருந்து அழுத்தும் ஒலி, ஒன்று, இன்னொன்று. நடுவில், வெகு நாளாகக் கேட்காதிருந்த அந்தக் கீச்சொலி, ஒரு பழைய கதவுபோல, உள்ளே போய் வெளியே வந்தது.

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கீச்சொலி நீண்டது, குறைந்தது, மறுபடி நீண்டது. கொஞ்சம் இடைவெளி விட்டது. இடைவெளி பெரிதாகிக்கொண்டே வந்தது.

"போன என்கிட்ட குடும்மா" என்றது ஒரு சின்னக் குரல். கரகரவென்று.

"பேசாதடி."

"குடு." போன் கை மாறியது. "சித்தி."

"சொல்லு கண்ணு."

"நான்தான்... முதல்ல இருந்தேன்."

"தெரியும். அம்மா சொன்னா."

"எனக்குப் பின்னாடி... யாருமே இல்ல. அவ்வளவு தூரம்." மூச்சு. "மறுபடி நடத்துவாங்களா?"

"தெரியலடா" என்றாள் சின்னவள். நடத்துவார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கீச்சொலி மட்டும் வந்துகொண்டிருந்தது. அதில் அழுகையும் கலந்திருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

"இப்ப உங்க மேப்புல எங்க ஊரு எப்படித் தெரியுது, சித்தி?"

சின்னவள் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். சுற்றிலும் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக இருந்தது. நடுவில் அக்காவின் பள்ளத்தாக்கு மட்டும், அப்போதுதான் துவைத்துக் காயப்போட்டதுபோல.

"வெள்ளையா."

"பொய் சொல்லுது."

"ஆமா" என்றாள் சின்னவள். "நீ பேசாம மூச்சு விடு. நான் வைக்க மாட்டேன், கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவள் நிறங்களின் பட்டியலைத் திறந்தாள்.